நடுவில் உட்கார்ந்த பிள்ளைகள்

ஃபார்மலின் வாடை. கதவைத் திறந்ததும் கண்ணில் ஏறியது. கூடவே நீ.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். போனவளை நினைத்துக்கொள்ள மல்லிகை, அத்தர் என்று எவ்வளவோ இருக்க, எனக்கு வாய்த்தது பாம்பை ஊறப்போட்ட தண்ணீரின் வாடை.

உயிரியல் ஆய்வகத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறை. நீ போன பிறகு நான் அதைத் திறக்கவில்லை. முதலில் தேர்வு வேலை, பிறகு கோடை விடுமுறை, பிறகு புதுச் சேர்க்கை. காரணங்கள் சுலபமாகக் கிடைத்தன. இன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

குடுவைக்குள் பாம்பு அப்படியே சுருண்டு கிடக்கிறது. "சண்டை போட்டு வர்றவனுக மொதல்ல இதப் பாக்கட்டும், பாதிக் கோவம் எறங்கிரும்" என்று சொல்லித்தான் நீ இந்த அறையைக் கேட்டு வாங்கினாய். முதலில் வந்தவன் பாம்பைப் பார்த்தான், எதிரில் இருந்தவனைப் பார்த்தான், "ஒன்னைய மாதிரியே இருக்குலே" என்றான். இரண்டாவது சண்டையை நாம் இருவரும் சேர்ந்து விலக்கினோம்.

இப்போது கதவு சாத்தியிருக்கிறது. நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பழைய வினாத்தாள்; அதன் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். உள்ளே நான்கு பிள்ளைகள். இருவர் சண்டை போட்டவர்கள். இருவர் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள். என் எழுத்து கோணலாகப் போகிறது. பொறுத்துக்கொள்.

சண்டையைச் சொல்கிறேன்.

கதிரேசன். பதினொன்றாம் வகுப்பு, நான் வகுப்பாசிரியை. நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வீட்டில் கொஞ்சம் மல்லிகை போட்டிருக்கிறார்கள். விடியலில் பறித்த பூவை ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வருவான். பிரவீனும் அதே வகுப்பு, அதே பஸ், அதற்கடுத்த ஊர். நேற்றுச் சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் பிரவீனின் ரெக்கார்டு நோட்டில் பட்டிருக்கிறது. பிரவீன் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று பஸ்ஸில் இருந்த எந்தப் பிள்ளையும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் பிள்ளைகள் தரையைப் பார்த்தால் அது எந்த மாதிரி வார்த்தை என்று உனக்குத் தெரியும்.

பிறகு பிரவீன் சாக்கைக் காலால் தள்ளினான். ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து மூட்டை ரோட்டில் விழுந்தது. பின்னால் லாரி.

கதிரேசன் பஸ்ஸில் ஒன்றும் செய்யவில்லை. முதல் பீரியடில், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது, எழுந்து போய் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் பிரவீனின் நெற்றியில் அடித்தான். சத்தம் கேட்டுத் திரும்பினேன். அடித்தவன் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

பிரவீனுக்குத் தையல். கதிரேசனுக்கு டி.சி. எழுதி, தலைமையாசிரியர் மேசையில் தயாராக இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"அடிச்சவன் அவன்தானே டீச்சர்" என்றார்.

"தள்ளுனவன், சார்?"

"தள்ளுனதுல ரத்தம் வரலையே."

இன்று காலை கதிரேசனின் அப்பா வந்திருந்தார். கெஞ்சுவார் என்று நினைத்தேன். "குடுத்தா குடுங்க டீச்சர். வேடசந்தூர்ப் பக்கம் மில்லுல ஆளு கேட்டுக்கிட்டுத்தேன் இருக்காக" என்றார். கோபம்கூட இல்லை. ஏற்கெனவே முடிவான ஒன்றை எனக்குத் தெரிவிக்கிற குரல். அந்தப் பையன் இந்தப் பள்ளியில் இருப்பதும் மில்லுக்குப் போவதும் அவருக்கு ஒரு கையெழுத்துத் தூரம்தான்.

அப்போதுதான் சொன்னேன், "சார், நாளைக் காலை வரைக்கும் குடுங்க. நடுப் பிள்ளைகளை வச்சுப் பேசிப் பாக்குறோம்."

'பாக்குறோம்' என்று பன்மையில் சொல்லிவிட்டேன். பழக்கம்.

*

உள்ளே குரல் கேட்கிறது. சொல் பிடிபடவில்லை. நஸ்ரின் குரல் என்று மட்டும் தெரிகிறது. உனக்கு நினைவிருக்கும் நஸ்ரினை, செருப்புக் கடைக்காரர் மகள்; இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நீ பயிற்சி கொடுத்த கடைசிக் குழு. அவளோடு லூர்து. நல்ல பையன், ஆனால் பதற்றம் வந்தால் நிறையப் பேசுவான்.

பிள்ளைகள் சண்டையில் பிள்ளைகளே நடுவில் உட்காரும் இந்த ஏற்பாட்டை நாம் ஆரம்பித்தபோது பெயரில்தான் முதல் தகராறு. தலைமையாசிரியர் நீளமாக ஒரு பெயர் வைத்துப் பலகையே எழுதிவிட்டார். பிள்ளைகள் பலகையைப் படிக்காமல் பஞ்சாயத்து என்றார்கள். உனக்கு எரிச்சல்.

"பஞ்சாயத்துன்னா தீர்ப்பு இருக்கும்டா. இங்க தீர்ப்பு கெடையாது. நீங்க நடுவுல உக்காருற ஆளு. அம்புட்டுத்தேன்."

"அப்ப எதுக்கு மிஸ் உக்காரணும்?" என்றான் ஒருவன்.

"நடுவுல யாரும் இல்லேன்னா அவனுக நேராப் பாத்துக்கிருவானுக. அதுக்குத்தேன்."

கணக்கு டீச்சர் நீ. எந்தப் பயிற்சியையும் கணக்குப் போலவே நடத்தினாய். ஒருத்தன் சொன்னதைக் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளால் முடியவில்லை. 'என் பேனாவ எடுத்தான்' என்று ஒருத்தன் சொன்னால், 'பேனாவைத் திருடிட்டான்னு சொல்ற' என்று திருப்பிச் சொல்வார்கள்.

"அவன் எடுத்தான்னுதானே சொன்னான். திருட்ட யாரு சேத்தது? ஒங்க தாத்தாவா?"

வகுப்பே சிரிக்கும். மறுபடி முதலிலிருந்து. அரை நாள் முழுக்க ஒரே ஒரு பேனா. நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மொழியைப் பற்றிப் படித்தவள் நான். எடுப்பதற்கும் திருடுவதற்கும் இடையில் ஒரு மண்டை உடைகிற தூரம் இருக்கிறது என்று அந்தப் பின்பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

பிறகு அந்தக் கேள்வி.

நமக்கு அனுப்பியிருந்த பயிற்சித் தாளில் முதல் வரி, 'வந்தவர்களிடம் முதலில் இயல்பாகப் பேச்சுக் கொடுங்கள்' என்பது. நல்ல வரிதான். முதல் கூட்டத்தில் நடுவில் உட்கார்ந்த பெண் இயல்பாகத்தான் பேச்சுக் கொடுத்தாள். இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் இயல்பாக எதைக் கேட்பார்களோ அதைக் கேட்டாள். "எந்த ஊரு நீ? யாரு வீட்டுப் புள்ள?"

அவன் ஊரைச் சொன்னான். தெருவைச் சொன்னான். அறையில் இருந்த நான்கு பேருக்கும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அன்று யாரும் அடித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் மரியாதையாக ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் மைதானத்தில் அடித்துக்கொண்டார்கள், தலா பத்துப் பேரோடு.

நீ அன்று மாலை ஸ்டாஃப் ரூமில் தாளில் அந்த வரியை அடித்தாய்.

"சாப்ட்டியான்னு கேக்கச் சொல்லலாமா?" என்றேன் நான்.

"என்ன சாப்ட்டன்னு அடுத்த கேள்வி வரும். எங்க வீட்டுல என்ன கொழம்புன்னு சொன்னாலே பாதிப் பேருக்கு எங்க தெரு தெரிஞ்சு போயிரும்டி."

"எந்த பஸ்ல வந்தன்னு?"

"பஸ்ஸு ஊரச் சொல்லும்."

"அப்பா என்ன செய்றாரு?"

நீ என்னைப் பார்த்த பார்வை. நானே சிரித்துவிட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தோம். தெருவைக் காட்டிக் கொடுக்காத ஓர் இயல்பான கேள்வியும் நம்மிடம் இல்லை. சிரிப்பு நின்றுபோனது. கடைசியில் நீதான் சொன்னாய், ஒன்றும் கேட்க வேண்டாம், எந்த ஸ்டூலில் உட்காருகிறாய் என்று மட்டும் கேட்கட்டும் என்று. அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். எங்க உக்கார்ற. அவ்வளவு.

*

எழுதுவதை நிறுத்தினேன்.

உள்ளே லூர்துவின் குரல் உயர்ந்தது. இந்த முறை சொல் பிடிபட்டது. "சரி, மொதல்ல, நீ எந்த ஊரு?"

பதற்றத்தில் வாய் தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போய்விட்டது.

பதிலுக்கு ஒரு ஸ்டூல் விழும் சத்தம்.

உன் விதி உனக்குத் தெரியும். பெரியவர்கள் வெளியே உட்கார வேண்டும். நாற்காலியோ ஸ்டூலோ விழுந்தால் மட்டும் உள்ளே போகலாம். நான் எழுந்துவிட்டேன். தாழ்ப்பாளில் கை. அறைக்குள் கண்ணாடிக் குடுவைகள். கதிரேசன் கையில் பாட்டில் இருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்து அனுப்பவில்லை.

"மிஸ், வராதீங்க."

நஸ்ரின். கத்தவில்லை. கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது குரல். அவள்தான் எழுந்து வந்து கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றிருக்க வேண்டும்.

பிறகு உள்பக்கம் திரும்பிப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"லூர்து கேட்டத யாரும் காதுல வாங்க வேணாம். யாரும் பதில் சொல்ல வேணாம். லூர்து, நீயும் இன்னொருக்க கேக்காத. கதிரேசா, ஸ்டூலத் தூக்கி எங்க வேணும்னாலும் போட்டு உக்காரு. செவுத்துப் பக்கம் திரும்பிக்கூட உக்காரு."

என் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் வலித்தது. திறந்தால் விதிப்படி சரி. திறந்தால் அந்த அறையில் இனி நான்தான் பேசுவேன், அவர்கள் எனக்குப் பதில் சொல்வார்கள், என் முகத்துக்காகச் சரி என்பார்கள். வெளியே போய் அடித்துக்கொள்வார்கள்.

திறக்காவிட்டால், உள்ளே ஏதாவது ஆனால்?

ஸ்டூல் இழுபடும் சத்தம். சிமென்ட் தரையில் கரகரவென்று. எங்கேயோ போய் நின்றது.

நான் கையை எடுத்தேன்.

*

உன்னிடம் முன்பு ஒருமுறை சண்டை போட்டேன், இதே வராந்தாவில். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டாமா, நாளைக்கு ஏதாவது நடந்தால் நம்மைத்தானே கேட்பார்கள் என்று. நீ பதிலுக்கு, அத்தா என்று நீ கூப்பிடும் உன் அப்பாவின் தோல் மண்டியைப் பற்றிச் சொன்னாய்.

அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையை ஒரு துண்டுக்குள் விட்டுக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

"எதுக்குத் தெரியுமா? எறங்கிப் போனது எவன்னு வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா அடுத்த தடவ எறங்க மாட்டான். நீ பாட்டுக்குத் துண்ட தூக்கிப் பாக்கணுங்கிற."

எனக்கு அன்று அது பிடிக்கவில்லை. கடைக்காரர் வீட்டுப் பேச்சு என்று நினைத்தேன். சொல்லவில்லை. நீ புரிந்துகொண்டாய் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்த வாரம்தான் காய்ச்சல் என்று லீவு சொன்னாய். சாதாரணக் காய்ச்சல், வியாழக்கிழமை வந்துவிடுவேன் என்றாய். வியாழக்கிழமை நாங்கள் எல்லோரும் உங்கள் வீட்டு வாசலில் நின்றோம்.

*

கதவு திறந்தது. முதலில் பிரவீன், நெற்றியில் பிளாஸ்திரியோடு. என்னைப் பார்க்காமல் போனான். கதிரேசன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தான். கண் சிவந்திருந்தது, ஃபார்மலினாகவும் இருக்கலாம். லூர்து அழுதிருந்தான்.

"பேசி முடிச்சுட்டாங்க மிஸ்" என்றாள் நஸ்ரின்.

"என்ன பேசுனாங்க?"

கேட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே உன் பார்வை. எங்கிருந்து பழகினாள் என்று கேட்கத் தேவையில்லை.

"முடிச்சுட்டாங்க மிஸ். ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. அம்புட்டுத்தான் சொல்லச் சொன்னாங்க."

தலைமையாசிரியரிடம் போனேன். அவருக்கு மகிழ்ச்சி. நிஜமான மகிழ்ச்சி, அதைக் குறை சொல்ல மாட்டேன். "காலைல பிரேயர்ல ரெண்டு பேரையும் மேல ஏத்தி கை குடுக்கச் சொல்லுவோம் டீச்சர். ஒரு போட்டோ எடுத்து பேரண்ட்ஸ் குரூப்ல போட்டுட்டா வீட்டு ஆளுகளும் அடங்கிருவாக" என்றார்.

அந்தப் படத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு படம், இரண்டு ஊர்கள், இரண்டு தெருக்கள். எவன் முதலில் கையை நீட்டினான் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

"கை குடுக்க வேணாம் சார்."

"கை குடுக்காம என்னம்மா சமாதானம்?"

"சமாதானம்னு அதுக சொல்லல. பேசி முடிச்சுட்டோம்னுதான் சொன்னாங்க."

"என்ன பேசுனானுக?"

"தெரியாது சார்."

"தெரியாதா? நீங்க வெளியிலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா சார். வெளியில."

அவர் டி.சி.யைக் கையில் எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தாள் படபடத்தது. "எனக்கும் மேல ஆளு இருக்கு டீச்சர். நாளைக்கு அவன் இன்னொருத்தன் மண்டைய ஒடச்சா, என்ன பேசி முடிச்சீங்கன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லவா?"

"நான் சொல்றேன் சார். எம் பேர்ல எழுதிக் குடுக்குறேன்."

எழுதிக் கொடுத்தேன். இனி கதிரேசனால் எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று. என் கையெழுத்தைப் பார்த்தேன், வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் அந்தத் தாளை டி.சி.யின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து இழுப்பறைக்குள் போட்டார். கிழிக்கவில்லை.

"காலைல ரெண்டு பேரும் வந்து வகுப்புல உக்காரட்டும். அதப் பாத்துட்டுப் பேசுறேன்."

*

மறுநாள். தொடர்ந்து எழுதுகிறேன்.

காலையில் கேட்டில் நின்றேன். நிலக்கோட்டை பஸ் வந்தது. பிரவீன் இறங்கினான். பின்படியில் இன்னும் இரண்டு பிள்ளைகள். பிறகு கண்டக்டர் விசில். பஸ் போய்விட்டது.

கதிரேசன் இல்லை.

பிரவீனை நிறுத்திக் கேட்கலாம். வாய் வரை வந்தது. அவன் என்னைப் பார்த்தான், கேட்பேன் என்று எதிர்பார்த்து நின்றான். "போ, பிரேயருக்கு நேரமாச்சு" என்றேன்.

பிரேயர் முடிந்தது. தலைமையாசிரியர் மாடியிலிருந்து என்னைப் பார்த்துக் கையை விரித்தார். கேட்டை மூடச் சொல்லி வாட்ச்மேனுக்குச் சைகை காட்டினார். எனக்கு மில்லின் நூல் தூசி, இரவு ஷிப்ட், அவன் அப்பாவின் நிதானமான குரல் எல்லாம் ஒன்றாக வந்தன. நான் எழுதிக் கொடுத்த தாளும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பாதி மூடிய கேட்டுக்குள் ஒருவன் பக்கவாட்டில் நுழைந்தான். சட்டையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. முழங்கை வரை பூக்காம்பின் பச்சை.

"எங்கலே இம்புட்டு நேரம்?" என்றார் வாட்ச்மேன்.

"அடுத்த பஸ்ஸுண்ணே."

நான் அவனோடு வராந்தாவில் நடந்தேன். தினமும் அடுத்த பஸ்தானா, இன்று மட்டுமா? அப்படித்தான் பேசி முடித்தார்களா? அவன் விட்டுக்கொடுத்தானா, அவனே கேட்டு வாங்கியதா? பஸ்ஸில் சொல்லப்பட்ட அந்த வார்த்தைக்கு உள்ளே யாராவது பதில் சொன்னார்களா? பக்கத்தில் நடந்துகொண்டே அவ்வளவையும் விழுங்கினேன்.

"தெனம் லேட்டாகும் மிஸ்" என்றான் அவனே, முன்னால் பார்த்தபடி. "பிரேயருக்கு நிக்க முடியாது."

"மொத பீரியடுக்கு வந்துருவியா?"

"வந்துருவேன்."

"வா."

வகுப்பில் அவனுக்கும் பிரவீனுக்கும் நடுவில் மூன்று பெஞ்சுகள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இது நாளை மாறலாம். இன்னும் மோசமாகலாம். இழுப்பறையில் அந்த இரண்டு தாள்களும் இருக்கின்றன. வராந்தாவில் தலைமையாசிரியர் வந்து நின்று, இரண்டு தலைகளையும் பார்த்துவிட்டு, தன் அறைக்குத் திரும்பினார்.

நீ வைத்துவிட்டுப் போனதில் எனக்கு மிச்சமாக இருப்பது இதுதான். கேள்வி வாய் வரை வந்து, கேட்காமல் நிற்கிற அந்தக் கணம். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நீ சொல்லவில்லை. நீ இதைச் சிரித்துக்கொண்டே தூக்கித் திரிந்தாய்.

வருகைப் பதிவைத் திறந்தேன். கதிரேசன் என்று கூப்பிட்டேன்.

"உள்ளேன் மிஸ்."

பதிவில் குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.